அமிலத்தில் கிடக்கும் பல்செட்டைத் தண்ணீரில் மட்டும் சோதிப்பது ஏன்?

பெறுநர்: ஐ.எஸ்.ஓ. தொழில்நுட்பக் குழு 106-இல் செயற்கைப் பல் பொருட்களைக் கவனிக்கும் துணைக்குழு. அதன் வரைவுகளுக்குக் கருத்துச் சொல்லும் தேசியத் தர அமைப்புகள்

பொருள்: பல்செட் அடித்தளப் பொருளுக்கான ஐ.எஸ்.ஓ. 20795-1 தரத்தில் அமிலச் சோதனை சேர்ப்பது

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம்.

வாயில் வைக்கும் உலோகக் கலவை ஒன்று சந்தைக்கு வரவேண்டுமானால், ஐ.எஸ்.ஓ. 10271 சொல்லும் கரைசலில் அதை ஊறப்போட வேண்டும். லிட்டருக்கு 0.1 மோல் லாக்டிக் அமிலம், 0.1 மோல் சோடியம் குளோரைடு, பிஎச் 2.3, வெப்பநிலை 37 °செ., காலம் 7 நாள். அந்த 7 நாளில் கரைந்து வெளியேறும் அயனிகள் ஒரு சதுர செ.மீ. பரப்புக்கு 200 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று ஐ.எஸ்.ஓ. 22674 கட்டுப்படுத்துகிறது. பீங்கானுக்கு இன்னும் கடுமை. ஐ.எஸ்.ஓ. 6872-இன்படி 4% அசிட்டிக் அமிலத்தில், 80 °செ. சூட்டில், 16 மணி நேரம். ஆனால் பல்செட்டின் ரோஸ் நிற அக்ரிலிக் அடித்தளத்துக்கு, அதாவது வாயில் மிகப் பெரிய பரப்பை மூடிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் இருக்கும் பொருளுக்கு, ஐ.எஸ்.ஓ. 20795-1 கேட்பது தண்ணீர் மட்டும்.

இவையெல்லாம் ஒரே தொழில்நுட்பக் குழுவின் ஆவணங்கள். உலோகமும் பீங்கானும் அமிலத்தைச் சந்திக்கும் அதே வாயில்தான் அக்ரிலிக்கும் இருக்கிறது. இந்த இடைவெளியை நிரப்பக் கோரியே இந்த மடல். பல்செட் செய்கிறவர்களும் பொருத்துகிறவர்களுமாகச் சேர்ந்து எழுதுகிறோம். அமிலம் அக்ரிலிக்கைக் கரைத்துவிடும் என்று பயமுறுத்துவது எங்கள் வேலையல்ல. அது கரைக்காது. எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதைப் பிரித்துச் சொன்னால்தான் எந்தச் சோதனை தேவை என்பது தெளிவாகும்.

முதலில் வாய். ஆரோக்கியமான ஒருவருடைய உமிழ்நீரின் பிஎச் பெரும்பாலும் 6.2-க்கும் 7.6-க்கும் இடையில் இருக்கும். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 0.3 மி.லி. அளவில் சுரக்கும் உமிழ்நீர், மெல்லும்போது 1 முதல் 2 மி.லி. வரை உயரும். கூடவே பைகார்பனேட்டின் செறிவும் பல மடங்கு ஏறும். அமிலத்தை அடக்கும் தாங்கல் திறனின் பெரும்பங்கு இந்த பைகார்பனேட்தான். ஓய்வு நிலையில் பாஸ்பேட்டும் கைகொடுக்கும். சுரப்பு நிமிடத்துக்கு 0.1 மி.லி.-க்குக் கீழே போனால் உலர்வாய். பல்செட் போடும் வயதினரில் இரத்த அழுத்தம், மன அழுத்தம், ஒவ்வாமை ஆகியவற்றுக்கான மாத்திரைகளை எடுப்பவர்கள் ஏராளம். இந்த மாத்திரைகளில் பல, சுரப்பைக் குறைப்பவை. தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர்களுக்கு உமிழ்நீரின் பிஎச் 7-இலிருந்து 5 வரைகூட இறங்குகிறது. தூக்கத்தில் எல்லோருக்குமே சுரப்பு ஏறக்குறைய நின்றுவிடும்.

இவையெல்லாம் வாயில் தாராளமாக ஓடும் உமிழ்நீரைப் பற்றிய எண்கள். பல்செட்டின் உட்பக்கத்தில் நடப்பது வேறு கதை. மேல்தாடை முழுப் பல்செட் அண்ணத்தோடு ஒட்டியிருக்கும்போது அதன் அடியில் மிக மெல்லிய ஒரு திரவப் படலம் மட்டுமே இருக்கும். பெரிய சுரப்பிகளின் பைகார்பனேட் அங்கே போய்ச் சேராது. அண்ணத்திலுள்ள சிறு சுரப்பிகள் தருவது பைகார்பனேட் மிகக் குறைந்த கோழை. அந்த இடத்தில் பிளேக் (கிருமிப் படிவு) படிந்து, அதற்குச் சர்க்கரையும் கிடைத்தால் பிஎச் 5.5-க்குக் கீழே இறங்கும். கழுவிவிட ஆளில்லாததால் அது மீண்டு மேலே வர நேரமெடுக்கும். காண்டிடா பூஞ்சையும் சேர்ந்துகொண்டால் இன்னும் மோசம். சர்க்கரை கலந்த உமிழ்நீரில் காண்டிடாவை வளர்த்தால் பிஎச் 4-க்கும் கீழே போவது ஆய்வகத்தில் காணக்கூடியது. அந்த அமிலச் சூழலில்தான் அதன் புரதச் சிதைப்பு நொதிகளும் முழு வேகத்தில் இயங்குகின்றன. இரைப்பை அமிலம் மேலேறி வருபவர்களுக்குச் சில நிமிடங்களுக்கு பிஎச் 1–2 வரை அடி விழும். குளிர்பானங்கள், புளிப்பான பழச்சாறுகள் 2.5 முதல் 3.5 வரை. ஆக, பல்செட்டின் வெளிப்பக்கம் அமிலத்தைச் சந்திப்பது குறுகிய நேரம், ஆனால் கடுமையாக. உட்பக்கம் சந்திப்பது மிதமாக, ஆனால் மணிக்கணக்கில். இரண்டில் நீடித்து உழைப்பைத் தீர்மானிப்பது உட்பக்கம்தான் என்பது எங்கள் கருத்து. காரணம், அந்தப் பக்கத்தைத்தான் யாரும் பாலிஷ் செய்வதில்லை.

இனி பொருள். அக்ரிலிக் என்று நாம் சொல்லும் பாலிமெதில் மெத்தக்ரிலேட்டின் முதுகெலும்பு கார்பன் சங்கிலி. அதன் பக்கவாட்டில் எஸ்டர் தொகுதிகள் தொங்குகின்றன. எஸ்டர் என்றதும் அமிலத்தில் நீராற்பகுப்பு நடக்கும் என்று பாடப்புத்தகம் நினைவுக்கு வரும். ஆனால் இங்கே எஸ்டர் ஒட்டியிருக்கும் கார்பனில் மெதில் தொகுதியும் உட்கார்ந்து வழியை அடைத்துக்கொண்டிருப்பதால், 37 °செ.-இல் பிஎச் 4 கரைசலில் அந்தப் பிணைப்பு பொருட்படுத்தும் வேகத்தில் அறுபடாது. அமிலத்தால் அக்ரிலிக் சங்கிலி அறுந்து பலமிழக்கிறது என்று எழுதப்படும் விளக்கங்களை அதனால் நாங்கள் ஏற்பதில்லை.

பிறகு எது பலத்தைக் குறைக்கிறது? முதல் காரணம் தண்ணீரேதான். எஸ்டர் தொகுதிகள் தரும் முனைவுத்தன்மையால் நீர் மூலக்கூறுகள் மெல்ல உள்ளே போகின்றன. சங்கிலிகளுக்கு இடையே புகுந்து அவற்றை நெகிழ்த்துகின்றன. எடை 1% கூடினால் நீளவாக்கில் ஏறத்தாழ 0.23% விரிவு. உள்ளே போகும் நீர், வினைபுரியாமல் மிஞ்சிய மோனோமரை (சங்கிலியாக இணையாத மூலத் திரவத்தை) வெளியே தள்ளுகிறது. அது இருந்த இடம் காலியாகிறது. மோனோமர் எவ்வளவு மிஞ்சும் என்பது க்யூரிங்கை, அதாவது பிசினை இறுகவைக்கும் முறையைப் பொறுத்தது. உங்கள் வரம்புப்படி, சூட்டில் இறுகும் ஹீட் க்யூருக்கு 2.2%, சூடில்லாமல் தானே இறுகும் செல்ஃப் க்யூருக்கு 4.5%. மாவு–திரவ விகிதம் கன அளவில் 3:1-இலிருந்து நழுவித் திரவம் கூடினால் சுருக்கமும் மிச்ச மோனோமரும் ஏறும். 74 °செ.-இல் 2 மணி நேரம் வைத்த பிறகு 100 °செ.-இல் 1 மணி நேரம் வைக்காமல் அவசரத்தில் எடுத்தாலும் அதே கதிதான். மாறாக, 74 °செ. கட்டத்தைத் தாண்டிக் குதித்து நேராகக் கொதிநீரில் பிளாஸ்க்கை (அச்சுப் பெட்டியை) போட்டால், 100.8 °செ.-இல் கொதிக்கும் மோனோமர், வினையின் சொந்தச் சூட்டாலேயே தடித்த பகுதிகளில் ஆவியாகிக் குமிழ்களை விட்டுச் செல்லும். அந்தக் குமிழ்களிலிருந்துதான் பின்னாளில் விரிசல் கிளம்பும்.

அமிலம் இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது. ஹைட்ரஜன் அயனி மின்சுமை கொண்டது. நீரை வெறுக்கும் பிளாஸ்டிக்குக்குள் அது சுலபமாக நுழையாது. பிரியாத நிலையிலுள்ள கரிம அமில மூலக்கூறுக்கு அந்தத் தடை இல்லை. அடர் அசிட்டிக் அமிலம் பாலிமெதில் மெத்தக்ரிலேட்டையே கரைக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நீர்த்த நிலையில் அந்த விளைவு மிகச் சிறியது. என்றாலும் அமிலத்தின் எந்தப் பகுதி பிளாஸ்டிக்கோடு உறவாடும் என்பதை அது காட்டிக்கொடுக்கிறது. பிஎச் 4.5-இல் லாக்டிக் அமிலத்தில் சுமார் 19% மட்டுமே பிரியாமல் இருக்கும். அசிட்டிக் அமிலத்தில் சுமார் 65%. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. மூன்று கரைசல்களும் ஒரே பிஎச் காட்டும். பிளாஸ்டிக்கின் பார்வையில் மூன்றும் வெவ்வேறு திரவங்கள். ஒருவர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் பிஎச்சைச் சரிசெய்த செயற்கை உமிழ்நீரில் ஊறவைத்து ‘மாற்றமில்லை’ என்கிறார். இன்னொருவர் வினிகரில் ஊறவைத்து ‘கடினத்தன்மை குறைந்தது’ என்கிறார். இருவரும் சரியாகவே அளந்திருக்கலாம். எந்த அமிலம், என்ன செறிவு என்று சொல்லாமல் பிஎச்சை மட்டும் சொல்லும் எந்தச் சோதனையும் ஒப்பீட்டுக்கு உதவாது. ஆய்வாளர்களை இதற்குக் குறை சொல்லிப் பயனில்லை. பொதுவான கரைசல் ஒன்றை நிர்ணயிக்க வேண்டியவர்கள் நீங்கள்.

இதற்கு நேர்மாறான இன்னொரு வேலையும் வாயில் நடக்கிறது. உமிழ்நீரில் எஸ்டர் பிணைப்பை அறுக்கும் நொதிகள் உண்டு. அவை நன்றாக வேலை செய்வது நடுநிலை பிஎச்சுக்கு அருகில். சாதாரண ஹீட் க்யூர் அக்ரிலிக்கை அவை பெரிதாகத் தொடுவதில்லை. முப்பரிமாண அச்சில் அச்சிடும் பிசின்களிலும் ஒளியில் இறுகும் பிசின்களிலும் இருக்கும் டைமெத்தக்ரிலேட்டுகள்தான் அவற்றின் இரை. அமிலச் சோதனை இதைப் பிடிக்காது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறோம். அதற்குத் தனிச் சோதனை வேண்டும். இந்த மடலில் அதைக் கேட்கவில்லை.

அமிலத்தின் நேரடிக் கெடுதல் பெரும்பாலும் மேற்பரப்போடு நின்றுவிடுகிறது. ஆனால் மேற்பரப்பு சின்ன விஷயமல்ல. சராசரி சொரசொரப்பு 0.2 மைக்ரோமீட்டரைத் தாண்டினால் பிளேக் பிடிப்பது கூடத் தொடங்கும் என்பது பல் மருத்துவத்தில் நிலைபெற்ற அளவுகோல். சொரசொரப்பு கூடினால் பிளேக் கூடும்; பிளேக் கூடினால் அடியில் பிஎச் இறங்கும்; மக்கள் அழுத்தித் தேய்ப்பார்கள். நூப் என்ற அளவுகோலில் அக்ரிலிக்கின் கடினத்தன்மை 18–20. பல் எனாமலுக்கு அது 340 அளவில். எனாமலுக்கென்று செய்த பற்பசையின் துகள்கள் அக்ரிலிக்கை உழுதுவிடும். நீரிலும் அமிலத்திலும் ஊறி நெகிழ்ந்த மேல்தோல் இன்னும் எளிதாகக் கீறப்படும். இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியையும் இன்றைய தரம் அளப்பதில்லை.

காரப் பக்கம் பாதுகாப்பானது என்றும் இதற்குப் பொருளில்லை. பிஎச் உயர்ந்தால் உமிழ்நீரின் கால்சியமும் பாஸ்பேட்டும் காரையாகப் படியும். அந்தக் காரையே அடுத்த பிளேக்குக்குச் சொரசொரப்பான தரை.

இப்போது உங்கள் சோதனையின் எண்களுக்கு வருவோம். வளைவு வலிமைக்கு 64 × 10 × 3.3 மி.மீ. பட்டைகளை 37 °செ. தண்ணீரில் 50 மணி நேரம் வைத்து, அதே சூட்டில் உடைத்துப் பார்க்கச் சொல்கிறீர்கள். ஹீட் க்யூர் வகைக்குக் குறைந்தது 65 மெகாபாஸ்கல், செல்ஃப் க்யூருக்கு 60. ஹீட் க்யூர் அக்ரிலிக்கில் 37 °செ.-இல் நீரின் பரவல் கெழு நொடிக்கு ஏறத்தாழ 1.1 × 10⁻¹² சதுர மீட்டர். இதை வைத்து 3.3 மி.மீ. தடிமனுக்குக் கணக்குப் போட்டால், 50 மணி நேரத்தில் பட்டை உறிஞ்சுவது அதன் முழுக் கொள்ளளவில் 30% மட்டுமே. 90% நிறைய ஏறக்குறைய 25 நாள் ஆகும். அதாவது உள்ளே பெரும்பகுதி இன்னும் காய்ந்தே இருக்கும் பட்டையை உடைத்து அதற்கு மதிப்பெண் போடுகிறோம். நீர் உறிஞ்சலுக்கு வைக்கும் 0.5 மி.மீ. வட்டில்களுக்கு 7 நாள் தாராளமாகப் போதும். அங்கே எங்களுக்குக் குறையில்லை. கன மி.மீ.-க்கு 32 மைக்ரோகிராம் என்ற வரம்பும் நியாயமானதே.

நீங்கள் எழுப்பக்கூடிய மறுப்பு ஒன்று தெரியும். தூய நீரில் உறிஞ்சல் அதிகம். உப்புள்ள உமிழ்நீரில் சவ்வூடு அழுத்தம் குறைவதால் உறிஞ்சலும் குறையும். எனவே தண்ணீர்தான் கடுமையான சோதனை என்பீர்கள். சாஃப்ட் லைனர்களை (பல்செட்டின் உட்பக்கத்தில் ஒட்டும் மெத்தென்ற பூச்சுகளை) பொறுத்தவரை இது முற்றிலும் உண்மை. அக்ரிலிக்கிலும் ஓரளவு உண்மை. ஆனால் அது எடை ஏறுவதைப் பற்றிய வாதம் மட்டுமே. மேற்பரப்பு, நிறமிகள், இழைகள், ரிப்பேர் இணைப்பு எதற்கும் அது பதில் சொல்லாது. அந்த நான்கும் தண்ணீரில் நன்றாகத் தேறிவிடும்.

கண்ணாடி இழையை எடுத்துக்கொள்ளுங்கள். நடுக்கோட்டில் உடையும் மேல் பல்செட்டுகளுக்கு வலுவூட்ட இழை வலை வைப்பது வழக்கமாகிவிட்டது. பரவலாகக் கிடைக்கும் இ-வகைக் கண்ணாடி நீரைத் தாங்கும்; அமிலத்தில் அதிலிருந்து கால்சியமும் அலுமினியமும் கசிந்து வெளியேறும். இழுவிசையும் சேர்ந்தால் இழை தானாகவே வெடிக்கும். இழையைப் பிசினோடு ஒட்டும் சிலேன் பூச்சும் நீராற்பகுப்புக்கு ஆளாகக்கூடியது. இழை முழுவதும் அக்ரிலிக்குக்குள் புதைந்திருக்கும் வரை பிரச்சினை இல்லை. டிரிம் செய்யும்போதோ ரிலைன் செய்யும்போதோ (உட்பக்கத்துக்குப் புதுப் பூச்சு போடும்போதோ) ஒரு நுனி வெளியே தெரிந்துவிட்டால், அந்த நுனியிலிருந்து இழை நெடுக நீரும் அமிலமும் உள்ளே போக வழி கிடைத்துவிடும். இப்படிப்பட்ட பல்செட்டும் இன்றைய 50 மணி நேரத் தண்ணீர்ச் சோதனையில் நல்ல மதிப்பெண் வாங்கும்.

எனவே கீழ்க்கண்ட சோதனையை, முதல் சுற்றில் வரம்பு எதுவும் வைக்காமல், முடிவை அறிவிக்க வேண்டிய கட்டாயத்தோடு மட்டும் சேர்க்கக் கோருகிறோம்.

கரைசல்: லிட்டருக்கு மொத்தம் 0.1 மோல் லாக்டேட், பிஎச் 4.5. இதற்கு 0.019 மோல் லாக்டிக் அமிலமும் 0.081 மோல் சோடியம் லாக்டேட்டும் சேர்த்தால் பிஎச் ஏறத்தாழ அங்கே வந்து நிற்கும். கடைசித் திருத்தத்தை மீட்டர் வைத்துச் செய்யலாம். கடையில் வரும் அடர் லாக்டிக் அமிலத்தில் ஒரு பங்கு தனக்குத்தானே எஸ்டராக இணைந்து கிடக்கும். அதை நீர்த்தவுடன் பிஎச் பார்த்து மூடிவைத்தால், இணைந்தவை மெல்லப் பிரிந்து சில நாளில் பிஎச் கீழே இறங்கியிருக்கும். முன்கூட்டியே நீர்த்து, சூடாக்கி, ஆறவைத்துப் பயன்படுத்தச் சொல்லும் ஒரு வரி ஆவணத்தில் இருக்க வேண்டும். கால்சியமும் பாஸ்பேட்டும் வேண்டாம். அவை படிந்து எடைக் கணக்கைக் குழப்பும்.

லாக்டேட் கரைசல் 37 °செ.-இல் கிருமிகளுக்கு விருந்து. அதற்காக வழக்கம்போல் சோடியம் அசைடு சேர்க்கக் கூடாது. அமிலத்தில் அது நச்சு வாயுவாக மாறும் ஹைட்ரசோயிக் அமிலத்தை உண்டாக்கும். தைமால் போன்ற கரிமக் கிருமிநாசினிகளைப் பிளாஸ்டிக்கே உறிஞ்சிக்கொள்ளும். 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்து, வாரம் ஒரு முறை கரைசலை மாற்றுவதே சரி. மாற்றும்போது பழைய கரைசலின் பிஎச்சைக் குறித்துவைக்க வேண்டும். 0.1-க்கு மேல் விலகியிருந்தால் எங்கோ தவறு.

பட்டைகள்: இப்போதைய அளவே இருக்கட்டும். ஒரு பட்டையின் மொத்தப் பரப்பு சுமார் 17.7 சதுர செ.மீ. ஒன்றையொன்று தொடாமல் 5 பட்டைகளுக்கு அரை லிட்டர் போதும். மூன்று தொகுதிகள் வேண்டும்: 50 மணி நேரத் தண்ணீர் (பழைய எண்களோடு ஒப்பிட), 30 நாள் தண்ணீர், 30 நாள் அமிலம். நடுவிலுள்ள தொகுதிதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. அது இல்லாமல் 50 மணி நேரத் தண்ணீரையும் 30 நாள் அமிலத்தையும் நேரடியாக ஒப்பிட்டால், நீர் உள்ளே போனதால் வந்த வலிமைக் குறைவு முழுவதும் அமிலத்தின் கணக்கில் ஏறிவிடும். இந்தப் பிழை வெளியீடுகளில் சர்வசாதாரணம். தொகுதிக்கு 5 பட்டைகள் என்பது தேறுகிறதா இல்லையா என்று பார்க்கப் போதும். வேறுபாட்டை அளக்கப் போதாது. அதற்குக் குறைந்தது 10 வேண்டும்.

அளவுகள்: வளைவு வலிமை, வளைவு மட்டு எனும் விறைப்பு (இப்போதுபோலவே 50 மி.மீ. இடைவெளி, நிமிடத்துக்கு 5 மி.மீ. வேகம், 37 °செ. நீரில்), மேற்பரப்புக் கடினத்தன்மை, சராசரி சொரசொரப்பு. கடைசி இரண்டையும் இரண்டு விதமான மேற்பரப்பில் அளக்க வேண்டும்: பாலிஷ் செய்தது ஒன்று, பிரிப்புப் பூச்சான ஆல்ஜினேட் பூசிய பிளாஸ்டருக்கு எதிராக இறுகி அப்படியே எடுத்தது ஒன்று. பாலிஷ் செய்த மாதிரியை மட்டும் சோதிப்பது பல்செட்டின் பாதியை மட்டும் சோதிப்பது. ஆல்ஜினேட் பூச்சு விட்டுப்போன இடத்தில் பிளாஸ்டரின் ஈரம் பிசினுக்குள் போய் மேல்தோல் வெளுத்து நுண்விரிசல் விடும். அமிலம் முதலில் எட்டிப் பார்க்கும் இடமும் அதுவே.

க்யூரிங்: தயாரிப்பாளர் தன் பெட்டியில் இரண்டு மூன்று சுழற்சிகளை அச்சிடுகிறார், சோதனைக்கு நீளமானதைத் தேர்கிறார், லேப்களோ குட்டையானதைத்தான் எடுக்கின்றன. பெட்டியில் அச்சிட்ட சுழற்சிகளில் மிகக் குட்டையானதைக் கொண்டும் சோதித்து மிச்ச மோனோமரையும் அமிலத் தொகுதி முடிவையும் தரவேண்டும் என்று விதி வையுங்கள். எங்கள் கோரிக்கைகளில் மிக எளிதானது இது. உடனடிப் பலன் தருவதும் இதுதான்.

பிஎச் 4.5 ஏன், உலோகத்துக்குப் போல 2.3 ஏன் இல்லை என்று கேட்கலாம். உலோகத்தில் 2.3 வைத்திருப்பது 7 நாளில் பல ஆண்டு அரிப்பைச் சுருக்கிக் காட்ட. அங்கே வேதிவினை அமிலத்தோடு வேகமெடுக்கும். பிளாஸ்டிக்கில் நேரத்தைத் தீர்மானிப்பது பரவல். அமிலத்தைக் கூட்டினாலும் நீர் வேகமாக உள்ளே போகப்போவதில்லை. பிஎச்சை இறக்குவதால் சோதனை சுருங்காது, வாயோடு உள்ள தொடர்புதான் அறுந்துபோகும். பிளேக்கின் அடியில் உண்மையிலேயே நிலவும் அமில அளவில், உண்மையிலேயே வேண்டிய காலம் ஊறவைப்பதே நேர்மை. சூட்டை 60, 70 °செ. என்று ஏற்றிக் காலத்தைச் சுருக்கும் யோசனையும் வேண்டாம். அந்தச் சூட்டில் மிச்ச மோனோமர் தொடர்ந்து பாலிமராகும். மோசமாக க்யூர் செய்த மாதிரி சோதனைக்குள்ளேயே குணமாகிவிடும்.

மற்ற பொருட்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். நைலான் பார்ஷியல்களில் (பகுதிப் பல்செட்டுகளில்) அமைடு பிணைப்பு இருக்கிறது. நைலான் 12 குறைவாகவும் நைலான் 66 அதிகமாகவும் நீர் உறிஞ்சும். ஆகவே ‘பாலிஅமைடு’ என்று மட்டும் பெட்டியில் எழுதினால் போதாது, எந்த வகை என்று எழுத வேண்டும். அதன் மேற்பரப்பை நன்றாகப் பாலிஷ் செய்வதே கடினம் என்பதால், அதில் சொரசொரப்பு எண் வலிமை எண்ணைவிட முக்கியம். பிளாஸ்டிசைசர் சேர்த்த அக்ரிலிக் சாஃப்ட் லைனர்களில் அந்த பிளாஸ்டிசைசர் கசிந்துபோய் லைனர் கெட்டிப்படும்; சிலிக்கோன் வகைக்கு அந்தத் தொல்லை குறைவு. லைனர்களுக்குத் தனித் தரம் இருப்பதால் இங்கே நிறுத்திக்கொள்கிறோம்.

அச்சிட்ட அடித்தளங்களைப் பற்றிச் சற்றுக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். அழுத்தத்திலும் சூட்டிலும் முன்பே இறுகிய வட்டில் ஒன்றைக் கடைந்து எடுத்தால் மிச்ச மோனோமர் மிகக் குறைவு. அச்சிட்டதில் எல்லாம் பின்வேலையைப் பொறுத்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் குறைவாகக் கழுவினால் இறுகாத பிசின் மேலே ஒட்டியிருக்கும். கூடுதலாக ஊறவிட்டால் ஆல்கஹால் உள்ளே போய் மேல்தோலை நெகிழ்த்தி வெடிப்பு விடும். பின்னொளியில் வைக்கும் நேரம் குறைந்தால் உறிஞ்சலும் கரைதிறனும் ஏறும். அடுக்கு எந்தத் திசையில் ஓடுகிறது என்பதும் வலிமையை மாற்றும். அச்சிட்ட பொருளுக்குச் சோதனை அறிக்கையில் கழுவும் திரவம், கழுவிய நிமிடங்கள், பின்னொளியின் அலைநீளம், நேரம், அச்சுத் திசை ஆகிய ஐந்தும் இல்லாமல் எந்த எண்ணையும் ஏற்கக்கூடாது.

கோபால்ட்–குரோமியம் சட்டம் உள்ள பகுதிப் பல்செட்டில் உலோகம் தன் சோதனையைத் தாண்டியிருக்கும், அக்ரிலிக்கும் தாண்டியிருக்கும். இரண்டும் சேரும் கோட்டை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். அங்கே இடுக்கில் ஆக்சிஜன் குறைந்து, அமிலம் தேங்கி, உலோகத்தின் காப்புப் படலம் மீண்டும் உருவாக முடியாமல் போகும். ஹைப்போகுளோரைட் வேறு சேர்ந்தால் குழி அரிப்பு. டைட்டானியமாக இருந்தால் அமிலமும் ஃபுளூரைடும் ஒன்றாக வரும்போதுதான் ஆபத்து. இந்த இணைப்புக்கோட்டைச் சோதிக்க எளிய முறை எதுவும் எங்களிடம் இப்போதைக்கு இல்லை. வேலைத்திட்டத்திலாவது ஒரு வரி சேருங்கள்.

அடுத்து, பெட்டிக்குள் வரும் பயன்பாட்டுத் தாள். அதில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் நீங்கள்தான் தீர்மானிக்கிறீர்கள். பல்செட்டை இரவில் கழற்றித் தண்ணீரில் வைக்கச் சொல்லும் வரி பெரும்பாலான தாள்களில் இருக்கிறது. ஏன் என்று இருப்பதில்லை. காய்ந்தால் சுருங்கும் என்பது ஒரு காரணம். சுரப்பு நின்ற வாயில் எட்டு மணி நேரம் அமிலப் படலத்தின் மேல் கிடக்கக் கூடாது என்பது இன்னொன்று. 60 °செ.-க்கு மேற்பட்ட சூட்டு நீர் வேண்டாம், 0.5% ஹைப்போகுளோரைட் 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், உலோகம் இருந்தால் அதுவே வேண்டாம் என்பவை எண்ணோடு அச்சிடப்பட வேண்டும். காரை நீக்க வினிகரில் ஊறவைப்பவர்களுக்கு ஒரு வரி: நீர்த்துப் பயன்படுத்தலாம், ஆனால் தினமும் இரவு முழுக்க வேண்டாம். பிஎச் 4.5-இல் 65% என்ற கணக்கை மேலே சொல்லியிருக்கிறோம்; வினிகரின் பிஎச் அதைவிடக் குறைவு என்பதால் அதில் பிரியாத பங்கு இன்னும் அதிகம்.

செல்ஃப் க்யூரில் ரிப்பேர் செய்த பல்செட்டுக்குத் தனிக் குறிப்பு தேவை. நோயாளியிடம் கொடுக்கும் முன் 50 °செ. தண்ணீரில் 1 மணி நேரம் வைத்தால் மிச்ச மோனோமர் கணிசமாகக் குறையும். இதற்குச் செலவென்று எதுவும் இல்லை. ஆனாலும் பல தாள்களில் இந்த வரி இல்லை.

கடைசியாக, மருத்துவர்களுக்கான பின்னிணைப்பு ஒன்றை இந்தத் தரத்தோடு சேர்த்தால் சோதனை எண்ணுக்கும் வாய்க்கும் பாலம் கிடைக்கும். செய்முறை இரண்டு பத்தியில் அடங்கும். சாப்பிட்டு ஒன்றரை மணி நேரமாவது கழித்து, தூண்டாமல், தலையைச் சற்றுக் குனிந்து 5 நிமிடம் அளவுக் குழாயில் உமிழ்நீர் வடியவிட வேண்டும். கன அளவை 5-ஆல் வகுத்தால் சுரப்பு வேகம். பிஎச்சை அந்த நிமிடமே பார்த்துவிட வேண்டும். உமிழ்நீரைத் திறந்துவைத்தால் கரைந்திருக்கும் கார்பன் டைஆக்சைடு வெளியேறி பிஎச் ஏறிவிடும், அமில வாய்கூட நல்ல வாயாகத் தெரியும்.

பிறகு பல்செட்டைக் கழற்றியவுடன், கழுவாமல், 0.5 அலகு வரை பிரித்துக் காட்டும் ஈரமாக்கிய பிஎச் தாளை அண்ணப் பகுதியின் உட்பக்கத்தில் ஒட்ட வேண்டும். ஈரமாக்கும் தண்ணீரே படலத்தை நீர்த்துவிடும் என்பதால் இது துல்லியமான எண் அல்ல, ஒப்பீட்டுக்கு மட்டும். இரண்டு அளவுகளும் கிட்டத்தட்டச் சமமாக இருந்தால் பல்செட்டின் தூய்மை பரவாயில்லை. உட்பக்கம் ஓர் அலகோ அதற்கு மேலோ கீழே இருந்தால் பிளேக்கைப் பார்க்க வேண்டும். இரண்டுமே 6-க்குக் கீழே, சுரப்பும் 0.1 மி.லி.-க்குக் கீழே என்றால் அந்த நபருக்கு அச்சிட்ட அடித்தளத்தையோ வெளியே இழை தெரியும் வலுவூட்டலையோ தேர்வதற்கு முன் மருத்துவர் இரண்டு முறை யோசிக்க வேண்டும். அப்போது பொருளின் பெட்டியில் அமிலத் தொகுதியின் எண் இருந்தால் அவர் அதைப் பார்ப்பார்.

அடுத்த திருத்த வரைவு கருத்துக்கு வரும்போது, மேலே சொன்ன கரைசலின் செய்முறையையும் மூன்று தொகுதி அட்டவணையையும் பின்னிணைப்பின் வாசகத்தையும் ஆவண வடிவில் அனுப்பத் தயாராக இருக்கிறோம். பல ஆய்வகங்கள் சேர்ந்து ஒரே மாதிரிகளைச் சோதிக்கும் சுற்று ஒன்றை நீங்கள் ஏற்பாடு செய்தால் ஹீட் க்யூர், செல்ஃப் க்யூர், கடைந்தது, அச்சிட்டது என நான்கு வகைப் பட்டைகளையும் செய்து தருவோம்.

இப்படிக்கு,
பல்செட் செய்யும், பொருத்தும் தொழிலில் இருப்பவர்கள்